'ஆமாம்' வரைக்கும்தான் பாடம்

அந்தச் செவிலியர் கல்லூரியில், வீட்டில் அடிபட்டு மருத்துவமனைக்கு வரும் பெண்களிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு மூன்றாம் ஆண்டு மாணவிகளைத் தயார் செய்தார்கள். பயிற்சியின் முழுப் பெயர் வரவேற்பறைப் பலகையில் மூன்று வரிகளுக்கு ஓடியது. அதைக் கடைசிவரை படித்தவர் யாருமில்லை. மூன்றாவது வரியை ஒரு தொட்டிச்செடி மறைத்துக்கொண்டிருந்தது. மாணவிகள் அதைக் 'கேள்வி கிளாஸ்' என்றார்கள். நடத்துகிற ஆசிரியைக்குக் 'கேள்வி மேடம்' என்ற பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

கேள்வி இதுதான்: "தங்கள் இல்லத்தில் எவரேனும் தங்களைத் துன்புறுத்துகின்றனரா?"

பெரிய படிப்புப் படித்தவர்கள் ஒரு குழுவாக உட்கார்ந்து மாதக்கணக்கில் செதுக்கிய வாக்கியம். 'அடி' என்ற சொல் காதுக்குக் கடுமையாக இருக்கிறதென்று முதல் கூட்டத்திலேயே எடுத்துவிட்டார்கள். 'கணவர்' என்ற சொல் கணவர்களைப் புண்படுத்தக்கூடும் என்று இரண்டாவது கூட்டத்தில் எடுத்தார்கள். மிச்சமிருந்ததுதான் கேள்வி.

கேள்வியைவிட அதற்கு முன்னால் செய்யவேண்டியவை அதிகம். நாற்காலியை நோயாளிக்கு நேரெதிரே போடக்கூடாது, அது விசாரணை. ஒட்டியும் போடக்கூடாது, அது உறவு. கோணலாகப் போடவேண்டும், அதுதான் செவிலியம். தலையை இடப்பக்கம் சாய்த்தால் பரிவு, வலப்பக்கம் சாய்த்தால் சந்தேகம். காகிதக் கைக்குட்டைப் பெட்டி நோயாளியின் கைக்கு எட்டவேண்டும், ஆனால் "அழு" என்று அவரை அழைப்பதுபோல் இருக்கக்கூடாது.

நோயாளியாக நடிக்க ஹாஸ்டல் வார்டனம்மாவைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். சின்ன வயதில் நடிக்க ஆசைப்பட்டு, வீட்டில் விடாததால் வார்டனானவர். மாணவி நாற்காலியை இழுக்கும்போதே அவருக்கு உதடு துடிக்கத் தொடங்கிவிடும். "தங்கள் இல்லத்தில்" என்பதற்குள், "ஆமாம்! ஆமாம்!" என்று கதறிப் பெட்டியில் பாதியைக் காலி செய்துவிடுவார். உடனே கேள்வி மேடம் மேசை மணியைத் தட்டுவார். வகுப்பே கைதட்டும். வார்டனம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "அடுத்தவ யாருடி, சீக்கிரம் வா, சமையல்கட்டுல வேலை கெடக்கு" என்பார்.

இந்த வகுப்பில் முதலிடம் பஞ்சுவுக்கு. நடந்தாலும் பேசினாலும் சத்தம் வராது என்பதால் வந்த பெயர். அவள் தலை சாய்ப்பதைப் படம் பிடித்து மாடிப்படியில் மாட்டியிருந்தார்கள். கடைசி இடம் அவளுடைய அறைத்தோழி வெண்கலத்துக்கு. அவள் கேள்வி கேட்டால் கேன்டீனில் இருப்பவர்கள்கூட "இல்லைங்க" என்று பதில் சொல்லுவார்கள்.

வெண்கலம்தான் ஒருநாள் எழுந்து கேட்டாள். "மேடம், அவங்க ஆமாம்னு சொல்லிட்டா அப்புறம் என்ன பண்ணணும்?"

மேடம் மணிமேல் கையை வைத்தபடி யோசித்தார். "அது நாலாம் வருஷப் பாடம்மா. இப்பவே ஏன் அவசரப்படுற?"

நாலாம் வருஷ அக்காக்களிடம் போய் விசாரித்தார்கள். "எங்களுக்கு வேற சொன்னாங்களே. அது ரெண்டாம் வருஷத்துலயே முடிஞ்சிருச்சாம்" என்றார்கள் அவர்கள்.

பிறகு வார்டுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண்கள் யாருக்கும் பாடம் தெரிந்திருக்கவில்லை. "இல்லத்துல துன்பமா? கொசுதாம்மா" என்றாள் ஒருத்தி. மற்ற எல்லாரும் குளியலறையில் வழுக்கி விழுந்தவர்கள். அவர்கள் சொன்னதை நம்புவதென்றால், அந்த ஊரின் குளியலறைகளைப் போலக் கொடூரமானவை உலகில் இல்லை. அவை பல்லைப் பெயர்த்தன. மேல்கையில் ஐந்து விரல் பதித்தன. ஒரு குளியலறை கழுத்தை நெரித்திருந்தது. இன்னொன்று சிகரெட் பிடிக்கிற குளியலறை.

கேட்ட அத்தனை பேரும் 'இல்லை' என்று சொன்னதில் பிரின்சிபாலுக்குப் பூரிப்பு. "கேள்வி கேக்க ஆரம்பிச்ச ஒரே வருஷத்துல இந்த ஊர்ல வன்முறையே இல்லாமப் பண்ணிட்டோம்" என்று ஆண்டு விழாவில் பேசினார். ஆனால் பயிற்சியைப் பார்வையிட வந்த ஆய்வுக் குழு உதட்டைப் பிதுக்கிவிட்டது. ஒரு 'ஆமாம்'கூட இல்லாத பயிற்சியை எப்படி நம்புவது, அடுத்த முறை வரும்போது ஒன்றாவது காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. அன்றிலிருந்து கல்லூரி ஒரு 'ஆமாமு'க்காகத் தவம் கிடந்தது.

அந்த 'ஆமாம்' பஞ்சுவிடம் வந்தபோது அவள் கேள்வியே கேட்கவில்லை.

எலும்பு வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் ஒரு அக்கா இருந்தாள். வலது கை மாவுக்கட்டில். ஒற்றைக் கையால் தலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவளைப் பார்க்கப் பொறுக்காமல் பஞ்சு சீப்பை வாங்கிச் சீவிவிட்டாள். நாற்காலி போடவில்லை. தலையைச் சாய்க்கவில்லை. கட்டில்மேலேயே பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

உச்சந்தலையில் சீப்பு பட்டபோது அக்கா சுருக்கென்று தலையை இழுத்துக்கொண்டாள். முடியை விலக்கிப் பார்த்தால், உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை.

"பாத்ரூம் இல்ல பாப்பா" என்றாள் அக்கா, ஜன்னலைப் பார்த்தபடி. "அவர்தான். கையும் அவர்தான். போன தடவை விலாவும் அவர்தான்."

பஞ்சுவின் உடம்பு தன்னையறியாமல் மணிச் சத்தத்துக்குக் காத்திருந்தது. எங்கோ ஒரு தள்ளுவண்டி கடகடவென்று போனது. வேறொன்றும் நடக்கவில்லை.

"இன்னைக்கு டிஸ்சார்ஜாம். நாலு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னிருக்கார்" என்றாள் அக்கா. "அவருக்கு நான் இங்க யார்கிட்டயோ பேசிட்டேன்னு சந்தேகம். இப்பப் போனா இந்தக் கையோட விடமாட்டார். வெளியூர்ல எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. வீட்டு வேலை பாக்குறா. அவ வந்துட்டா அவகூடப் போயிருவேன். அதுவரைக்கும் என்னை அனுப்பாம வச்சுக்க முடியுமா பாப்பா?"

தங்கையின் எண்ணை மனப்பாடமாகச் சொன்னாள். பஞ்சு தன் செல்போனிலிருந்து கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். "முதலாளியம்மாகிட்ட லீவு கேட்டுட்டுக் கூப்பிடுறேன் சிஸ்டர், அக்காவை அனுப்பிராதீங்க சிஸ்டர்" என்றது குரல்.

"யாராவது ஏதாவது பண்ணுவாங்க அக்கா. இருங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். மருத்துவமனையில் ஓடக்கூடாது என்பது முதலாம் ஆண்டுப் பாடம்.

கேள்வி மேடம் செய்தியைக் கேட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "ஆமாமா? நெஜமாவா? தலையை எந்தப் பக்கம் சாய்ச்ச?"

"சாய்க்கலை மேடம். தலை சீவிவிட்டுட்டிருந்தேன். அவங்களாவே சொன்னாங்க."

மேடத்தின் முகம் மெல்ல வாடியது. "கேக்காமலா சொன்னாங்க?"

"ஆமாம் மேடம்."

"ஏம்மா பஞ்சு, இப்படியா பண்ணுவ? கேக்காமச் சொன்னா அது எப்படிம்மா 'ஆமாம்' ஆகும்? அது பேச்சுவாக்குல வந்தது. ஆய்வுக் குழு ஒத்துக்காது. போ, போயி முறைப்படி கேளு. இல்ல, இரு, நானும் வர்றேன்."

"மேடம், நாலு மணிக்கு அவர் வந்துருவாரு. அதுக்குள்ள..."

"அதான் சொல்றேன், சீக்கிரம் கேக்கணும்."

மேடம் தனியாக வரவில்லை. மணியை எடுத்துக்கொண்டு வார்டனம்மா வந்தார். கோணல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாணவிகள். கைக்குட்டைப் பெட்டியோடு வெண்கலம். படமெடுக்க நூலகர். எல்லாருக்கும் பின்னால், சட்டையை இழுத்துவிட்டபடி பிரின்சிபால். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நோயாளிக்குத் தனிமை தரவேண்டும் என்பது விதி. ஆகவே, சுற்றி நின்ற அத்தனை பேரும் கண்ணியமாக வேறு திசையில் பார்த்துக்கொண்டார்கள்.

பஞ்சு நாற்காலியில் உட்கார்ந்தாள். மேடம் பின்னாலிருந்து, "எடது, எடது" என்று கிசுகிசுத்தார்.

"தங்கள் இல்லத்தில்" என்று ஆரம்பித்தவள் தலையை இடப்பக்கம் சாய்த்தாள். "எவரேனும் தங்களைத் துன்புறுத்துகின்றனரா?"

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இத்தனை பேர் வந்திருக்கிறார்கள், சொன்னால் அனுப்பமாட்டார்கள் போலிருக்கிறது என்று அவள் நினைத்தது அப்பட்டமாகத் தெரிந்தது. அதனால் நன்றாக, உரக்கவே சொன்னாள்: "ஆமாம்."

மணி அடித்தது. கைதட்டல் வார்டையே தூக்கியது. பக்கத்துக் கட்டில்காரர்களும் விஷயம் தெரியாமல் தட்டினார்கள். வார்டனம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். பரவாயில்ல, மொத தடவைதானே" என்றார். பிரின்சிபால் பூச்செண்டைக் கொடுக்கப் போய், அக்காவின் வலது கை மாவுக்கட்டில் இருப்பதைக் கண்டு, படத்துக்காக அதைக் கட்டின்மேல் சாய்த்து வைத்தார்.

"இது என் வாழ்நாள்ல மறக்க முடியாத நாள்" என்று தொடங்கினார் அவர். "ஒரு பெண் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லணும்னா அதுக்குப் பின்னால எத்தனை கூட்டம், எத்தனை தீர்மானம், எத்தனை டீ, எத்தனை பிஸ்கட்! எங்க கடமையை நாங்க முழுசா முடிச்சிட்டோம். இதுக்கு மேல சமுதாயம் பாத்துக்கணும்."

"அப்ப என்னை அனுப்பமாட்டீங்கல்ல?" என்றாள் அக்கா.

பிரின்சிபால் மேடத்தைப் பார்த்தார். மேடம் வார்டனம்மாவைப் பார்த்தார். வார்டனம்மாவுக்கு இதற்கப்புறம் வசனம் தெரியாது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக நகர்ந்தார்கள்.

பஞ்சு விடவில்லை. எலும்பு டாக்டரைப் பிடித்தாள். "எலும்பைச் சேத்து வச்சாச்சேம்மா. என் பக்கம் பாக்கி ஒண்ணுமில்ல. வீட்டுப் பிரச்சனை எக்ஸ்ரேல வராது" என்றார், நல்ல மனிதர். ஆலோசகரைத் தேடிப் போனாள். அறை இருந்தது, உள்ளே புத்தம்புது சோபாவும் இருந்தது. ஆலோசகர் மட்டும் இன்னும் நியமிக்கப்படவில்லை. "அங்கயாவது அந்த அக்காவை உக்கார வைக்கலாமா சார்?" என்று கேட்டதற்கு, "ஆய்வுக் குழு வர்றதுக்குள்ள சோபாவுல யாராவது உக்காந்தா குழி விழுந்துருமேம்மா" என்று பிரின்சிபால் அன்பாக விளக்கினார். சுவரொட்டியில் இருந்த உதவி எண்ணுக்கு அடித்தாள். ஒரு பதிவுக் குரல் தேனாகப் பேசியது: உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம், எங்கள் அலுவலர்கள் அனைவரும் தற்போது அழைப்புகளைக் கனிவோடு ஏற்பது எப்படி என்ற பயிற்சியில் இருக்கிறார்கள்.

"போலீஸ்கிட்ட சொன்னா என்னடி?" என்றாள் வெண்கலம், தன்னால் முடிந்த அளவு மெதுவாக.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த போலீஸ்காரரிடம் இருவரும் போய்ச் சொன்னார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "இப்ப அடிக்கிறாரா?"

"இப்ப இல்ல சார். வீட்டுக்குப் போனதும்."

"அப்ப போனதும் வந்து சொல்லுங்க."

நாலு மணிக்குப் புருஷன் வந்தார். பஞ்சு ஒரு ராட்சசனை எதிர்பார்த்திருந்தாள். வந்தவர் படிய வாரிய தலையோடு, கையில் பழப்பையோடு, நர்ஸ் மேசையில் நின்று, "சாப்பிட்டீங்களா சிஸ்டர்? முகமெல்லாம் வாடியிருக்கே" என்று கேட்கிற ஆள். வார்டு சிஸ்டருக்கு இரண்டு ஆப்பிள் கொடுத்தார். பஞ்சுவுக்கும் ஒன்றை நீட்டினார். அவள் கையை நீட்டாதபோதும் சிரித்தார்.

நடைவழியில் பிரின்சிபால் எதிர்ப்பட்டார். யாரோ அவரிடம், இவர்தான் ஜன்னல் கட்டிலம்மாவின் வீட்டுக்காரர் என்று சொல்லியிருக்கவேண்டும். ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாங்க வாங்க! உங்க சம்சாரத்தால எங்க கல்லூரிக்கே பெருமை சார்!"

"அவளாலயா? அவ என்ன பண்ணா?"

"ஆமாம்னு சொன்னாங்க சார்! இத்தனை நாள்ல மொத ஆளு!"

"எதுக்கு ஆமாம்னு சொன்னா?"

பிரின்சிபால் வாயைத் திறந்தவர், சட்டென்று விரலை உதட்டில் வைத்துக்கொண்டார். "அதை மட்டும் கேக்காதீங்க சார். வெளியில சொல்லமாட்டோம். ரகசியம் காக்கிறது எங்களுக்கு உயிர் மாதிரி."

புருஷன் தலையசைத்தார். கட்டிலில் சாய்ந்திருந்த பூச்செண்டை ஒருமுறை பார்த்தார். போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். சரியாக உச்சந்தலையில்.

"வீட்டுக்குப் போலாமா?" என்றார்.

அக்கா பஞ்சுவைப் பார்க்கவில்லை. அதுதான் பஞ்சுவுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. கெஞ்சியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் எழுந்து, செருப்பைத் தேடிக் காலால் தரையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஏய் பஞ்சு, என்ன மரம் மாதிரி நிக்கிற?" என்று வார்டு சிஸ்டர் மேசையிலிருந்து கூப்பிட்டார். "போறதுக்கு முன்னால டெம்பரேச்சர் பாத்துச் சொல்லு. அதுமட்டும்தான் பாக்கி."

தெர்மாமீட்டரை எடுக்கப் பஞ்சு பக்கத்து அறைக்குப் போனாள். சிஸ்டரின் டீ கிளாஸ் மேசையில் ஆவி பறக்க இருந்தது. அவள் யோசித்துச் செய்தாள் என்று சொல்லமுடியாது. கை தானாகப் போய்த் தெர்மாமீட்டரை டீயில் முக்கிற்று. பாதரசம் கிடுகிடுவென்று ஏறி நூற்றெட்டில் போய் முட்டியது. அந்தச் சூட்டில் மனிதர்கள் செருப்புத் தேடமாட்டார்கள். பயந்துபோய் உதறினாள், நூற்று ஐந்து. மறுபடி உதறினாள், நூற்று இரண்டு. துடைத்து எடுத்துக்கொண்டு போய், அக்காவின் நாக்கடியில் வைத்து, உடனே எடுத்தாள்.

"நூத்தி ரெண்டு சிஸ்டர்."

வார்டு சிஸ்டர் எழுந்து வந்து தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அக்காவின் நெற்றியைத் தொட்டார். "தொட்டா ஜில்லுன்னு இருக்கு."

பஞ்சு தெர்மாமீட்டரைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினாள்.

"ஆனா இதுல நூத்தி ரெண்டு காட்டுது. கையை நம்பியா ஆஸ்பத்திரி நடத்துறோம்?" என்றார் சிஸ்டர். "காய்ச்சல்னா அனுப்பமுடியாது. படுங்கம்மா, படுங்க. பயப்படாதீங்க. காய்ச்சலுக்கு இங்க எல்லாம் இருக்கு."

எல்லாம் இருந்தது. அதுவரை தூங்கி வழிந்த கட்டடம் முழித்துக்கொண்டதுபோல் இருந்தது. ஒரு டாக்டர் ஓடி வந்தார், பின்னாலேயே இன்னொருவர். ரத்தம் எடுக்க ஒருவர் வந்தார். தொற்றுத் தடுப்புக் குழு என்று ஒன்று இருப்பதே பஞ்சுவுக்கு அன்றுதான் தெரிந்தது. அதில் எந்த இடமும் காலியாக இல்லை. வேறு ஊரிலிருக்கும் பெரிய டாக்டர் இரண்டாவது மணியிலேயே போனை எடுத்தார். அக்காவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தனியறைக்கு உருட்டினார்கள். வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தினார்கள்.

"நான் அவ வீட்டுக்காரன்பா" என்றார் புருஷன்.

"அதனாலதான் சார் விடமுடியாது" என்றார் காவலாளி மிகவும் மரியாதையாக. "வீட்டு ஆளுங்களுக்குத்தான் மொதல்ல ஒட்டும்."

"எத்தனை நாளைக்கு?"

"காய்ச்சல் விடுறவரைக்கும் சார்."

புருஷன் பழப்பையைக் காவலாளியிடம் கொடுத்தார். "பாத்துக்குங்க. காலையில வர்றேன்." போகும்போது பஞ்சுவின் சட்டையில் குத்தியிருந்த அடையாள அட்டையை நிதானமாகப் படித்துவிட்டுப் போனார்.

தனியறையில் வெள்ளைச் சுவர், ஒரு கட்டில், ஒரு கம்பம். கம்பத்தில் மருந்து பாட்டில் தொங்கியது. "காரணம் தெரியாத காய்ச்சல், அதனால டாக்டர் கொஞ்சம் பலமாவே குடுத்திருக்கார். வாய் கசக்கும், வயிறு கொமட்டும்" என்று சொல்லிவிட்டு வார்டு சிஸ்டர் ஊசியைப் பஞ்சுவிடம் நீட்டினார். "நீயே போடு. நல்ல கை ஒண்ணுதான் இருக்கு, பாத்துப் போடு." கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

பஞ்சு முழங்கைக்கு மேலே ரப்பரைக் கட்டினாள். நரம்பு தெரிந்தது. குத்தினாள், தவறிவிட்டது. தோலுக்கடியில் நீலமாக ஒரு சின்ன வட்டம் பரவத் தொடங்கியது.

"அய்யோ, அக்கா. வேண்டாம்க்கா. உங்களுக்கு ஒண்ணுமேயில்ல, இந்த மருந்து எதுக்கு? நான் போய்ச் சொல்லிடறேன்."

"சொல்லிட்டு?"

பஞ்சுவின் பையில் போன் அதிர்ந்தது. தங்கை. எடுத்துக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டு, வைத்துவிட்டாள்.

"என்ன சொன்னா?" என்றாள் அக்கா.

"ஞாயித்துக்கிழமைதான் லீவு தருவாங்களாம்க்கா. அதுக்கு முன்னால வந்தா வேலை போயிருமாம்."

அக்கா விட்டத்தைப் பார்த்து மனசுக்குள் ஞாயிறு வரைக்கும் நாள் கணக்குப் போட்டாள். பிறகு அந்த ஒரே நல்ல கையை, நீல வட்டம் மேலே தெரிய, நீளமாக நீட்டினாள்.

"அப்படின்னா கொஞ்சம் கீழ தள்ளிக் குத்து பாப்பா. மேல இருக்கிற நரம்பெல்லாம் நாளைக்கு வேணும்."